கம்பை வெளியே வைத்துவிட்டு உள்ளே போகாதீர்கள்

கேள்வி: ஏற்காடு பக்கம் ஒரு மலைக் கிராமத்தில் இருக்கிறோம். எனக்கு 44 வயது. ஆறு வருஷத்துக்கு முன் எஸ்டேட் வேலையில், காப்பிப் பழ மூட்டையோடு சரிவில் இறங்கும்போது வழுக்கி விழுந்து இடது தொடை எலும்பு முறிந்தது. ஆபரேஷன் செய்து பிளேட் வைத்தார்கள். எலும்பு சேர்ந்துவிட்டது, ஆனால் முட்டி பாதிதான் மடங்குகிறது, கால் ஒன்றரை இஞ்ச் குட்டையாகிவிட்டது. வேலைக்குப் போய் ஐந்து வருஷம் ஆகிறது. போன வருஷம் ஒரு முகாமில் மாற்றுத்திறனாளி சான்றுக்காகக் காட்டினேன். 'நல்லாத்தானே நடக்கிறீங்க' என்று சொல்லி 35 சதவீதம் போட்டுவிட்டார்கள். சான்றில் 'இடது முழங்கால் இறுக்கம்' என்று மட்டும் இருக்கிறது. 40 இருந்தால்தான் பென்ஷனாம். நாலு பேர் பார்ப்பார்களே என்று, அன்றைக்கு ஊன்றி நடக்கும் கம்பை வெளியே வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போனேன். இப்போது ஒரு புரோக்கர் எட்டாயிரம் கொடுத்தால் 60 சதவீதம் வாங்கித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா? அல்லது மறுபடியும் நாங்களே போகலாமா?

அன்புச் சகோதரிக்கு,

கொடுக்காதீர்கள். சான்றுக்கும் அடையாள அட்டைக்கும் அரசாங்கத்தில் கட்டணம் எதுவும் கிடையாது. பொய்ச் சொல்லிச் சலுகை வாங்கினாலோ, வாங்க முயன்றாலோ, மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 91ஆம் பிரிவின்படி இரண்டு ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். அந்தப் பிரிவு புரோக்கர் மேல் பாய்கிறதோ இல்லையோ, அட்டையில் உங்கள் பெயர்தான் இருக்கும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பொய்க்குத் தேவையும் இல்லை. உங்கள் காலில் இருக்கும் குறைகளில் ஒன்று கணக்கில் சேராமல் விட்டுப்போயிருக்கிறது, மற்றவை முழுதாகப் பார்க்கப்படவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதனால் மறுபடி போங்கள். போவதற்கு முன் அந்தச் சதவீதத்தை எப்படிப் போடுகிறார்கள் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

இயன்முறை மருத்துவராகச் சேலத்தில் பல வருஷமாகக் கால்களைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நான் பார்த்தவரையில் சதவீதம் குறைந்துபோகிறவர்களில் பெரும்பாலோர் உங்களைப் போலத்தான், தங்கள் கஷ்டத்தை மறைத்தே பழகியவர்கள். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசுப் பட்டறை வேலை செய்த ஒருவர் என்னிடம் வந்துகொண்டிருந்தார். இடுப்பு மூட்டு இறுகிப்போய் தரையில் சம்மணம் போட முடியாது. சம்மணம் போட முடியாவிட்டால் அந்த வேலையே கிடையாது. சதவீதம் போடும் மருத்துவ போர்டில் டாக்டர், 'எப்படி இருக்கு, நடக்கிறீங்களா?' என்று கேட்டதும் மரியாதைக்காக எழுந்து நின்று, 'ஒண்ணும் சிரமமில்லைங்க சார்' என்றிருக்கிறார். அவர் சொன்னதுதான் எழுத்தில் ஏறியது. பெரியவர்கள் முன்னால் கஷ்டத்தைச் சொல்லக் கூடாது என்று வளர்ந்தவர் அவர். நீங்கள் கம்பை வெளியே கொடுத்துவிட்டுப் போனதும் அதே வளர்ப்புதான். அதில் தப்பு ஒன்றுமில்லை. ஆனால் அந்த அறைக்குள் மட்டும் அதை விட்டுவிட வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். நோயின் பெயருக்கோ, எத்தனை வருஷம் கஷ்டப்பட்டீர்கள் என்பதற்கோ அங்கே மார்க் இல்லை. அந்தக் கால் என்ன செய்கிறது, என்ன செய்யவில்லை என்பதற்குத்தான். மத்திய அரசின் மதிப்பீட்டு வழிமுறையில் காலுக்கு இரண்டு பகுதி உண்டு. முதலாவது அசைவு: மூட்டு எத்தனை டிகிரி மடங்குகிறது, தசைக்கு எவ்வளவு பலம் இருக்கிறது. இரண்டாவது நிலைத்தன்மை: அந்தக் காலை ஊன்றி நீங்கள் என்னென்ன செய்கிறீர்கள். இந்த இரண்டாவது பகுதியைத்தான் நம் ஆட்கள் யாரும் கேள்விப்படுவதே இல்லை. அதில் ஒன்பது காரியங்கள் இருக்கின்றன. சமதளத்தில் நடப்பது, சரிவில் நடப்பது, படி ஏறுவது, இரண்டு காலிலும் நிற்பது, பாதித்த காலில் மட்டும் நிற்பது, தரையில் குந்துவது, சம்மணம் போடுவது, மண்டியிடுவது, திரும்புவது. ஒவ்வொன்றுக்கும் பத்து, மொத்தம் தொண்ணூறு.

இப்போது அன்றைக்கு நடந்ததை நினைத்துப் பாருங்கள். முகாமில் இருந்தது வழவழ டைல்ஸ் போட்ட சமதளத் தரை. பத்தடி நடந்து காட்டினீர்கள். 'நல்லாத்தானே நடக்கிறீங்க' என்றார்கள். ஒன்பதில் ஒன்றை மட்டும் பார்த்துவிட்டுச் சொன்ன வார்த்தை அது. உங்கள் ஊரில் வீட்டிலிருந்து ரோட்டுக்கு வரவே சரிவு, தண்ணீர் எடுக்கச் சரிவு, ரேஷன் கடைக்குச் சரிவு. சரிவில் இறங்கும்போது முட்டி மடங்கிக் கொடுக்க வேண்டும். உங்கள் முட்டி கொடுக்காது. அதனால் நீங்கள் பக்கவாட்டில் திரும்பி, ஒரு காலை வைத்து, மற்றதை அதன் பக்கத்தில் இழுத்து வைத்து இறங்குகிறீர்கள் என்று நான் பந்தயம் கட்டுவேன். குந்தி உட்கார முட்டி 120 டிகிரிக்கு மேல் மடங்க வேண்டும். சாதாரணமாகப் படி ஏற 90 அளவுக்காவது வேண்டும். 'பாதிதான் மடங்குகிறது' என்றால் 60, 70 இருக்கலாம். அப்படியானால் குந்துவது, சம்மணம், மண்டியிடுவது மூன்றும் உங்களுக்கு அடியோடு இல்லை. வீட்டில் கக்கூஸ் எப்படிப் போகிறீர்கள் என்பதை டாக்டரிடம் சொன்னீர்களா? சொல்லியிருக்க மாட்டீர்கள். அடுத்த தடவை அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

அடுத்தது, சான்றில் விட்டுப்போன கால் குட்டை. இதற்கு வழிமுறையில் தனிக் கணக்கு இருக்கிறது. முதல் அரை இஞ்சுக்கு ஒன்றும் இல்லை, அதற்கு மேல் ஒவ்வொரு அரை இஞ்சுக்கும் 4 சதவீதம். ஒன்றரை இஞ்ச் உண்மையிலேயே இருந்தால் 8 வருகிறது. சான்றில் முழங்கால் இறுக்கம் மட்டும் எழுதியிருப்பதால் இதை அளக்கவே இல்லை என்று நினைக்கிறேன். அளப்பது ஒரு நிமிஷ வேலை. மல்லாக்கப் படுக்க வைத்து, இடுப்பின் முன்பக்கம் கைக்குத் தட்டுப்படும் எலும்பு முனையிலிருந்து கணுக்காலின் உள்பக்க எலும்பு வரை டேப் பிடிப்பார்கள். இரண்டு காலுக்கும். துணிக்கு மேலே வைத்து அளந்தால் தப்பாக வரும், அதனால் புடவையைக் கொஞ்சம் ஒதுக்கச் சொல்வார்கள், கூச்சப்படாதீர்கள். பெண் உதவியாளர் கூட இருக்க வேண்டும் என்று கேட்கலாம். ஒன்றரை இஞ்ச் என்று உங்களுக்கு யார் சொன்னார்கள்? செருப்புக் கடைக்காரர் என்றால், அதை மருத்துவமனைத் தாளில் எழுத்தாக மாற்ற வேண்டும்.

வலிக்கும் கணக்கில் இடம் உண்டு, ஆனால் சின்ன இடம்தான். வலி, மூட்டுக் கோணல், மரத்துப்போவது எல்லாம் சேர்த்து அதிகபட்சம் 10 புள்ளிதான் கூடும். குட்டைக்கான கணக்கு இதில் சேராது. வலி எவ்வளவு கொடுமை என்று விவரித்து மொத்த நேரத்தையும் செலவழித்துவிட்டு வருகிறவர்களைப் பார்த்து எனக்கு மனசு கஷ்டமாக இருக்கும். வலிக்கிறது என்று ஒரு வரி சொல்லுங்கள். மீதி நேரத்தை, வலியால் என்ன நின்றுபோனது என்பதற்குக் கொடுங்கள்.

கடைசியாக அசைவையும் நிலைத்தன்மையையும் சேர்க்கிறார்கள். நேராகக் கூட்டுவதில்லை. பெரிய எண்ணை வைத்துக்கொண்டு, சின்ன எண்ணை, தொண்ணூறில் மீதி இருக்கும் பங்குக்கு ஏற்பக் குறைத்துச் சேர்ப்பார்கள். உதாரணமாக ஒன்று 30, இன்னொன்று 25 என்றால் 55 வராது. 25ஐ 60ஆல் பெருக்கி 90ஆல் வகுத்தால் 16.7. அதை 30உடன் சேர்த்தால் 46.7. இது உங்கள் எண் இல்லை, நான் உங்கள் காலைப் பார்க்கவில்லை. ஆனால் நிலைத்தன்மையை முழுதாகப் பார்ப்பதும் பார்க்காமல் விடுவதும் 40ஐ இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ தள்ளிவிடும் என்பதைக் காட்டத்தான் சொல்கிறேன். 35க்கும் 40க்கும் நடுவில் இருப்பது ஐந்து சதவீதம்தான். உங்கள் வீட்டுக்கு அது மாதப் பணம்.

இனி என்ன செய்வது? போர்டுக்கு நேராகப் போய் நிற்காதீர்கள். முதலில் தாள் சேருங்கள். ஆபரேஷன் நடந்த இடத்தின் டிஸ்சார்ஜ் சம்மரி, அப்போதைய எக்ஸ்ரே, அதற்கப்புறம் பார்த்த ஓ.பி. சீட்டுகள். கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பிறகு சேலம் ஜி.எச்.சில், அதாவது அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில், எலும்பு நோய்ப் பிரிவில் சாதாரண நோயாளியாக ஓ.பி. போட்டுக் காட்டுங்கள். புது எக்ஸ்ரே எடுங்கள். முட்டி எத்தனை டிகிரி மடங்குகிறது, தசை பலம் எந்த கிரேடு, இரண்டு காலின் நீளம், தொடைச் சுற்றளவு, இவற்றை இயன்முறைப் பிரிவில் அளந்து எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். தொடைச் சுற்றளவைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. உழைக்காத கால் சூம்பிவிடும். டேப் வைத்தால் இரண்டு தொடைக்கும் வித்தியாசம் தெரியும். அதை யாரும் நடிக்க முடியாது என்பது டாக்டருக்குத் தெரியும்.

இந்தத் தாள்களோடு கலெக்டர் ஆபீஸில் இருக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்குப் போய், பழைய சான்றில் கால் குட்டையும் நிலைத்தன்மையும் சேர்க்கப்படவில்லை, மறுமதிப்பீடு வேண்டும் என்று மனு கொடுங்கள். சான்று கொடுத்தவரின் முடிவில் குறை இருந்தால் மேல்முறையீடு செய்ய அதே சட்டத்தின் 59ஆம் பிரிவு உங்களுக்கு உரிமை தருகிறது. அந்தப் பிரிவின் எண்ணை மனுவில் எழுதுங்கள். ஏற்கெனவே வருஷம் ஓடிவிட்டதால் இனியும் தாமதிக்க வேண்டாம். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் அந்த இடத்தை விட்டு நகராதீர்கள். அங்கே அலைக்கழித்தால் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டரிடம் கொடுங்கள்.

மதிப்பீட்டு நாளைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் அங்கேதான் இருக்கிறது. மலையிலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி வருவீர்கள். மடங்காத காலை நீட்ட இடம் வேண்டும், பஸ்ஸில் நடுவழி ஓரத்து சீட்டில் உட்காருங்கள். தினம் என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்களோ அதைச் சாப்பிட்டுவிட்டே வாருங்கள், நிறுத்த வேண்டாம். 'வலி மாத்திரை போட்டுக்கொண்டுதான் இப்படி நடக்கிறேன்' என்று மட்டும் சொல்லுங்கள். கம்பு உங்கள் கையில் இருக்கட்டும். தினமும் பிடிக்கும் அதே கம்பு, தேய்ந்த அடியோடு. தினமும் போடும் அதே செருப்பு. ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த செருப்பு எனக்கு எத்தனையோ விஷயத்தைச் சொல்லும், டாக்டருக்கும் சொல்லும்.

நொண்டலைக் கூட்டிக் காட்டாதீர்கள். பழகிய கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும், அப்புறம் நீங்கள் சொல்லும் உண்மையும் சந்தேகத்துக்கு ஆளாகும். 'நடக்க முடியலைங்க' என்று பொதுவாகச் சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, நடந்துதானே உள்ளே வந்தீர்கள். அளந்து சொல்லுங்கள். வீட்டிலிருந்து பஸ் நிற்கும் இடத்துக்கு முன்பு எத்தனை நிமிஷம், இப்போது எத்தனை நிமிஷம், வழியில் எத்தனை இடத்தில் உட்காருகிறீர்கள். தண்ணீர்க் குடத்தை இப்போது யார் தூக்குகிறார்கள். மழை பெய்து பாதை சேறானால் வெளியே போவீர்களா, மாட்டீர்களா. கடைசியாக எப்போது விழுந்தீர்கள். இதையெல்லாம் ஒரு தாளில் மகனையோ மகளையோ எழுதச் சொல்லிக் கையில் வைத்திருங்கள். பதற்றத்தில் மறந்துபோகும். நீங்கள் சரிவில் இறங்குவதை வீட்டுக்காரர் போனில் ஒரு நிமிஷ வீடியோ எடுத்து வைக்கட்டும். பார்ப்பதும் பார்க்காததும் டாக்டர் விருப்பம், ஆனால் கையில் இருக்கட்டும். 'குந்திக் காட்டவாங்க?' என்று நீங்களாகவே கேட்கலாம். அது அவர் பார்க்க வேண்டிய ஒன்றுதான், நீங்கள் அதிகப்படியாக எதுவும் கேட்டுவிடவில்லை.

40 வந்தால் யூடிஐடி கார்டு, அதாவது மாற்றுத்திறனாளிக்கான தனித்துவ அடையாள அட்டை, மஞ்சள் நிறத்தில் வரும். 2024 அக்டோபரில் விதியைத் திருத்திய பிறகு 40க்குக் கீழே வெள்ளை, 40லிருந்து 80க்குள் மஞ்சள், 80ம் அதற்கு மேலும் நீலம். கார்டு வந்தால் பணம் தானாக வந்துவிடும் என்று நிறையப் பேர் காத்திருக்கிறார்கள். வராது. சான்று கொடுப்பது மருத்துவமனை, பென்ஷன் கொடுப்பது வருவாய்த் துறை. அதற்குத் தனியாக இ-சேவை மையத்தில் விண்ணப்பிக்க வேண்டும். ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக், யூடிஐடி கார்டு வேண்டும். வி.ஏ.ஓ., ஆர்.ஐ. விசாரித்து, சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர் உத்தரவு போடுவார். வீட்டு வருமானம், சொத்து இரண்டையும் கேட்பார்கள், உள்ளதைச் சொல்லுங்கள். இந்த மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் 2023 ஜனவரியில் 1,000லிருந்து 1,500 ரூபாயாக உயர்ந்தது. 75 சதவீதத்துக்கு மேல் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாற்றுத்திறனாளிகள் நலத்துறை கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை வேறு. இரண்டையும் சேர்த்து வாங்க முடியாது. உங்களுக்குப் பொருந்துவது முதலாவதுதான். சேலத்துக்குள் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் இலவசமாகப் போகவும் அந்தக் கார்டு உதவும். உட்கார்ந்து செய்யும் வேலைக்கு மனசு இருந்தால், மோட்டார் பொருத்திய தையல் மெஷின் பற்றி நல அலுவலகத்தில் கேளுங்கள். மடங்காத முட்டிக்குக் காலால் மிதிக்கும் மெஷின் ஆகாது.

நீங்கள் கேட்காத ஒன்று. எஸ்டேட் வேலையில் மூட்டையோடு விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் அது வேலையிடத்து விபத்து. அப்போது நடைமுறையில் இருந்த 1923ஆம் ஆண்டு ஊழியர் இழப்பீட்டுச் சட்டப்படி முதலாளி இழப்பீடு கொடுத்திருக்க வேண்டும். ஆபரேஷன் செலவைக் கொடுத்துவிட்டார்கள் என்று நம்மவர்கள் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். கேட்பதற்கு இரண்டு வருஷக் கெடு உண்டு, அது தாண்டிவிட்டது. ஆனால் தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஆணையர் ஏற்றுக்கொள்ளலாம் என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. கிடைக்கும் என்று நான் உறுதி சொல்ல முடியாது. சேலம் நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. பெண்களுக்கு அங்கே இலவசமாக வக்கீல் வைத்துத் தருவார்கள், வருமானச் சான்று கேட்க மாட்டார்கள். சேலத்துக்கு வரும் அதே நாளில் போய்க் கேட்டுவிட்டு வாருங்கள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'வேலை செய்யும்போது விழுந்தார்' என்று எழுதியிருக்கிறதா என்பதையும் பாருங்கள், அந்த ஒரு வரி இருந்தால் பெரிய பலம்.

சில பேர் சதவீதம் குறைந்துவிடும் என்று பயந்து பயிற்சியை நிறுத்திவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். ஆறு வருஷம் இறுகிய முட்டி பயிற்சியால் முழுக்க மடங்கிவிடப் போவதில்லை. ஆனால் தொடைச் சதை பலமானால் விழுவது குறையும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து இயன்முறைப் பயிற்சி கொடுக்கிறார்கள், உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். இடது செருப்பின் அடியை உயர்த்திக்கொள்வதும் முக்கியம். கால் குட்டையோடு ஆறு வருஷம் நடந்ததில் முதுகும் இந்நேரம் வலிக்க ஆரம்பித்திருக்கும். ஒன்றரை இஞ்சையும் அப்படியே உயர்த்திவிடக் கூடாது. முட்டி மடங்காத கால் தரையைத் தட்டாமல் முன்னால் வர கொஞ்சம் இடைவெளி வேண்டும், அதனால் அரை இஞ்சாவது குறைத்துத்தான் அடிக்க வேண்டும். முதலில் அரை இஞ்ச் போட்டு இரண்டு வாரம் நடந்து பாருங்கள், பழகியதும் இன்னும் அரை இஞ்ச். ஆனால் போர்டுக்குப் போகும் முன் செருப்பை மாற்றினால், கால் நீளத்தைச் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் அளக்கச் சொல்ல வேண்டும்.